வீட்டு வேலையால் வந்த முதுகுவலி

ஜனவரி 4, வியாழன்

காலையில் எழுந்ததும் அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டேன். படுக்கைப்புண் எதுவும் இல்லை. பக்கவாதம் வந்து இந்தப் பொங்கலோடு இரண்டு வருடம். வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. பேச்சு மட்டும் திரும்பிவிட்டது, தேவைக்கு அதிகமாகவே. ரஞ்சிதம் அக்காவுக்கு எழுபத்தொன்று, எனக்கு அறுபத்து மூன்று. வீட்டில் வேறு யாரும் இல்லை.

துடைத்து முடித்ததும் என்னால் நிமிர முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றேன்.

“என்னத்தத் தேடுக?” என்றாள் அக்கா.

“செருப்ப.”

நாகர்கோவில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்கிறார். அதுவரை எதையும் தூக்கக் கூடாதாம். சரி என்றேன்.

தம்பி மகன் ஜெபின் திருவனந்தபுரத்திலிருந்து போன் செய்தான். “அத்த, பட்டாளத்துல இருக்கும்போ வந்த முதுகுவலிதானே? ஊன ஓய்வூதியம் கேளுங்க” என்றான். நான் ராணுவ நர்சிங் சேவையிலிருந்து மேஜராக ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. கிளம்பும்போது மருத்துவ வாரியம் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: ‘முதுகெலும்புத் தேய்மானம். பணியால் ஏற்பட்டதல்ல. வயது, பெண் என்பதால் செய்யும் வீட்டு வேலைகள் ஆகியவை காரணமாகலாம்.’

பணியில் இருந்த இருபத்தெட்டு வருடமும் நான் குடியிருந்தது மெஸ்ஸில். ஒரு தோசை சுட்டதில்லை.

“அப்பமே ஏன் எதுத்துக் கேக்கல்ல?” என்றான் ஜெபின். கையெழுத்துப் போடும்போது ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

ஜனவரி 6, சனி

தக்கலையில் முன்னாள் படைவீரர் நலச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஹார்டுவேர்ஸ் கடையின் மாடியில், செங்குத்தான படிக்கு மேலே. கால் போனவர்களுக்கும் இவர்கள்தான் மனு எழுதிக் கொடுக்கிறார்களாம். அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று தெரியவில்லை.

செயலாளர் சுபேதார் தாணுலிங்கம். நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. என்னைப் பார்த்ததும் மேசைக்கடியிலிருந்து பச்சை நிறப் படிவம் ஒன்றை எடுத்தார்.

“விதவை பென்ஷன்தானே? இருங்க. வீட்டுக்காரர் எந்த ரெஜிமென்ட்?”

“வீட்டுக்காரர் இல்லை.”

“அது தெரியும் மேடம். இருக்கும்போ எந்த ரெஜிமென்ட்?”

“இருக்கவே இல்லை. பட்டாளத்தில் இருந்தது நான். மேஜர் கனகபாய்.”

அவர் எழுந்து நின்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். டீ கொண்டுவந்தவர் மட்டும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். “காது போன கேஸ் பாத்திருக்கேன், கால் போன கேஸ் பாத்திருக்கேன். நர்சிங் ஆபீசர் கேஸ் இதுவரைக்கும் வந்ததில்ல. அதுக்கென்ன, பாத்துக்கிடலாம்” என்றார். கட்டணம் கிடையாதாம்.

இந்தக் கடைசி வாக்கியம் ஜெபினுக்குப் பிடிக்கவில்லை. “அத்த, அது கேன்டீன் கார்டு எடுத்துக் குடுக்கிய சங்கம். இதுக்கெல்லாம் சென்னையில தனி வக்கீல் உண்டு. தோத்தா பீஸ் இல்ல, ஜெயிச்சா கிடைக்கியதுல மூணுல ஒரு பங்கு.”

முதுகிலும் மூன்றில் ஒரு பங்கை அவர் வாங்கிக்கொள்வதாக இருந்தால் யோசிக்கலாம் என்றேன்.

பிப்ரவரி 3, சனி

சங்கத்தின் மாதக் கூட்டம். மேல்முறையீட்டு மனுவைத் தாணுலிங்கமே டைப் செய்து வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. அக்காவைப் புரட்டும் நேரம் தாண்டியிருந்தது, பஸ்ஸும் வந்துவிட்டது.

பிப்ரவரி 11, ஞாயிறு

அக்கா கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டாள். உப்பு இல்லையாம். ருசி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

சாளை மீன் குழம்பு, மரச்சீனிக்கிழங்கு. அக்கா இரண்டு துண்டுக் கிழங்கோடு நிறுத்திக்கொண்டாள். முள் இருக்கிறதாம். முள்ளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 12, திங்கள்

மனுவுக்குப் பதில் வந்தது. ‘மறைந்த மேஜர் கனகபாய் அவர்களின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல்’ என்று தொடங்குகிறது. மனுவை மேற்கொண்டு பரிசீலிக்க இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவை. பாங்கில் விசாரித்தேன். இந்த மாதப் பென்ஷன் ஏறவில்லை.

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அடக்கத்துக்கு என்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே பிள்ளே.”

மார்ச் 13, செவ்வாய்

கடிதத்தைத் தாணுலிங்கத்தின் மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“விதவை மனுவுக்க மாதிரி ஒண்ணு கம்ப்யூட்டர்ல கிடந்துது மேடம். அதுல பேரு, நம்பர் எல்லாம் மாத்தினேன். மேல ‘மறைந்த’ன்னு ஒரு வார்த்த இருந்திருக்கு.”

“இருந்தது.”

“எனக்க தப்புதான்.”

கம்ப்யூட்டர் மேல் பழி போடாதது நல்லது. சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு பாங்குக்கு வந்தார். மேனேஜரிடம், “சார், இவங்க உயிரோட இருக்காங்க. நான் சாட்சி” என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு படிவத்தில் ரேகை வைத்தேன். அடுத்த வாரம் உயிர் வந்துவிடும் என்றார்கள்.

மார்ச் 18, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. உட்கார முடியவில்லை. அதாவது, வெயில்.

ஜெபின் ஏற்பாட்டில் சென்னை வக்கீலம்மா போனில் பேசினார். கெட்டிக்காரி. வளவளவென்று பேசவில்லை.

“முதுகுல அடிபட்டப்ப ரிப்போர்ட் போட்டீங்களா?”

“இல்லை.”

“பார்த்த சாட்சி?”

“ஒருவர் இருந்தார். இப்போது எங்கே என்று தெரியாது.”

“ரிப்போர்ட்டும் இல்ல, சாட்சியும் இல்லன்னா சட்டத்த வச்சுதான் பேசணும். பேசலாம். ஆனா வருஷக்கணக்கா ஆகும். இன்னொண்ணு, வீட்ல யாரையாவது தூக்கி இறக்குற வேலை இருக்கா?”

அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

“அத மட்டும் வாரியத்துல சொல்லிடாதீங்க. வீட்டு வேலைன்னு அவங்க எழுதினத நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஆள் வச்சிருக்கேன்னு சொல்லுங்க.”

அவர் சொன்னது எல்லாமே சரி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தாணுலிங்கத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்று படுக்கும்போது முடிவு செய்தேன்.

மார்ச் 21, புதன்

அதைச் சொல்வதற்குள் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். அக்காவின் கட்டிலருகே போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

“நீங்களா இவள கொன்னது?” என்றாள் அக்கா.

“ஆமா அக்கா.”

அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

புதிய மனுவை இந்த முறை நான் சொல்லச் சொல்ல எழுதுவதாகச் சொன்னார். என்ன நடந்தது என்று கேட்டார். யாரும் இதுவரை கேட்டதில்லை. சொன்னேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், வடக்கே மலையில் ஒரு சிறிய ராணுவ மருத்துவமனை. பனிக்காலம். மேலே முகாமில் குடல்வால் வெடித்த நிலையில் ஒரு சிப்பாய். பனியில் பாதை மூடிக் கிடந்ததால் ஆம்புலன்ஸ் மேலே வர முடியவில்லை. நர்சிங் உதவியாளர் முனிரத்தினம் முன்னாலும் நான் பின்னாலுமாக ஸ்ட்ரெச்சரைக் கீழே தூக்கிக்கொண்டு போனோம். சரிவில் நான் வழுக்கிவிட்டேன். ஸ்ட்ரெச்சர் விழவில்லை. முதுகில் ஏதோ சத்தம் கேட்டது. சிப்பாய் பிழைத்துக்கொண்டான்.

“ரிப்போர்ட் ஏன் போடல்ல?”

“அன்று ஆபரேஷன் இருந்தது.”

“மறுநாள்?”

“மறுநாளும் இருந்தது.”

“முனிரத்தினம் எந்த ஊரு?”

“குடியாத்தம் பக்கம்.”

“குடியாத்தம்னா வேலூர். அங்க வீட்டுக்கு வீடு பட்டாளத்தான்தான். தேடிப் பாக்கேன்.”

ஒருவரை உயிரோடு இருக்கும்போதே தொலைத்த சங்கம் இன்னொருவரைக் கண்டுபிடிக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் வக்கீலம்மாவுக்குப் போன் செய்யவில்லை. பழம் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 9, திங்கள்

பென்ஷன் ஏறியது. உயிரோடு இருக்கிறேன்.

ஏப்ரல் 23, திங்கள்

அக்காவுக்குக் காலையில் ஒரு இட்லி. மதியம் மோர். தாகம் இல்லை என்று தண்ணீரையும் ஒதுக்குகிறாள். கோடையில் தாகம் இல்லாத மனுஷியை இப்போதுதான் பார்க்கிறேன். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் சரியாக இருக்கின்றன.

மே 5, சனி

மாதக் கூட்டத்துக்கு அவசியம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தாணுலிங்கம் தன் போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். வேலூர் சங்கத்துக்கு அவர் சொல்ல, அவர்கள் ஆம்பூருக்குச் சொல்ல, அங்கிருந்து யாரோ ஒருவரின் மைத்துனர் வழியாக ஆளைப் பிடித்துவிட்டார்களாம்.

“மேடம், நான் முனிரத்தினம் பேசறங்க. கொரலு கேக்குதுங்களா?”

கேட்டது. அதே குரல்தான்.

“நடந்தத சொல்லுங்க முனிரத்தினம்” என்றார் தாணுலிங்கம். “மேடம் எப்பிடி வழுக்கினாவ?”

“மேடம் எங்க சார் வழுக்கினாங்க? வழுக்கினது நானு.”

தாணுலிங்கம் போனை இன்னும் அருகில் இழுத்தார்.

“நான் முன்னாடி. காலு எகிறி அப்படியே உக்காந்துட்டேன். ஸ்ட்ரெச்சரு கனம் முச்சூடும் மேடம் கையில. உட்டிருந்தா அந்தப் பையன் பள்ளத்துக்குப் போயிருப்பான். அவங்க உடல. ‘எந்திரி’ன்னாங்க. எந்திரிச்சேன். மறாநாளு இடுப்புல பெல்ட்டு கட்டினு டூட்டிக்கு வந்தாங்க. ரிப்போர்ட்டு போடுங்க மேடம்னேன். போட்டா உன் பேரும் வரும், புரமோஷன் நிக்கும், போய் வேலயப் பாருன்னுட்டாங்க. நான் ஹவில்தாரா வெளிய வந்ததே அதாலதாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லைன் சரியில்லை என்றேன்.

“லைன் நல்லாத்தான் இருக்கு மேடம்” என்றார் தாணுலிங்கம்.

பனியில் யார் முதலில் வழுக்கினார்கள் என்பதெல்லாம் இத்தனை வருடம் கழித்து ஒரு விஷயமா? முனிரத்தினம் நோட்டரியிடம் போய் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். இப்போது சொன்னால் தன் பென்ஷனுக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டார். ஆகாது என்றார்கள். ஆனாலும் பரவாயில்லை என்றார் அவர்.

ஜூன் 8, வெள்ளி

மருத்துவ வாரியம் கூப்பிட்டிருக்கிறது. சென்னையில், ஜூலையில். போக ஒரு நாள், வர ஒரு நாள், அங்கே ஒரு நாள்.

அக்காவை யாரிடம் விடுவது? ஹோம் நர்ஸ் ஏஜென்சியில் வந்த பெண்ணை அக்கா ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டாள்.

“நம்ம ஆளுவ இருக்காவ மேடம்” என்றார் தாணுலிங்கம். “தூக்க நாங்க, மத்ததுக்கு நம்ம சங்கத்து ஸ்டீபனுக்க வீட்டுக்காரி. இப்பமே வரச் சொல்லட்டா?”

வேண்டாம் என்றேன். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்குவது பயிற்சி தேவைப்படும் வேலை.

“நாங்களும் ஆளத் தூக்கியிருக்கோம் மேடம். சில பேர உயிரோட, சில பேர உயிரில்லாம.”

ஆனாலும் வேண்டாம் என்றேன்.

ஜூன் 17, ஞாயிறு

அக்காவைக் குளிக்கவைக்கும்போது தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கைச்சதை தொங்குகிறது. போன வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை. சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

“அக்கா, நீ ஏன் சாப்பிடல்ல?”

“பசிக்கல்ல.”

“பொய் சொல்லாத. நான் நர்சு.”

இடது கையால் தோளை மூடிக்கொண்டாள்.

“கனம் கொறஞ்சா ஒனக்குத் தூக்க லேசா இருக்கும்லா.”

“எனக்கு கஷ்டம்னு ஆரு சொன்னா?”

“ஆரும் சொல்லல்ல. ரெண்டு வருசமா தெனமும் கட்டிலப் பிடிச்சிட்டு நின்னு செருப்பத் தேடுக. செருப்பு கதவு பக்கம் கிடக்கு.”

தண்ணீர் குடிக்காததும் அதற்குத்தானாம். குடித்தால் துணி மாற்ற வேண்டும், மாற்றினால் தூக்க வேண்டும்.

பாதிக் கஞ்சி, ஒரு இட்லி, மோர் என்று மாதக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் முதல் வருடப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாயா என்று அவளை வார்டு நடுவில் நிற்கவைத்துக் கேட்டிருப்பேன்.

கஞ்சி வைத்தேன். நான் எதிரில் உட்கார்ந்திருக்க முழுவதும் குடித்தாள். பிறகு தாணுலிங்கத்துக்குப் போன் செய்து, நாளை ஆட்களை வரச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 18, திங்கள்

தாணுலிங்கம், ஸ்டீபன், இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருவருக்குத் தொப்பை. கை கழுவவைத்து, விரிப்பைச் சுருட்டிப் பிடிப்பது எப்படி, முழங்காலை மடக்குவது எப்படி, நோயாளியிடம் முதலில் சொல்லிவிட்டுத் தொடுவது எப்படி என்று காட்டினேன். அவர்கள் தூக்கியபோது அக்கா கட்டிலிலிருந்து மேலே எழும்பியதே தெரியவில்லை.

“எனக்க சவப்பெட்டியத் தூக்கவும் இவியளே வரட்டும். குலுங்காம தூக்குகாவ” என்றாள்.

நான் சும்மா நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 17, செவ்வாய்

சென்னை. தாணுலிங்கமும் கூட வந்தார். மருத்துவமனை வாசலில் முனிரத்தினம் நின்றிருந்தார். தலை முழுக்க வழுக்கை. சல்யூட் அடித்தார், பிறகு என் பையை வாங்கிக்கொண்டார். மாலை வரை திருப்பித் தரவில்லை.

வாரியத்தில் மூன்று டாக்டர்கள். நடுவில் ஒரு கர்னல், என்னைவிட இருபது வயதாவது இளையவர். குனியச் சொன்னார்கள். முடிந்தவரை குனிந்தேன். முனிரத்தினத்தின் வாக்குமூலத்தைப் படித்தார்கள். படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு கர்னல் ஆங்கிலத்தில் கேட்டார், மரியாதையாகத்தான்.

“வீட்டில் கனமான எதையாவது தூக்குவதுண்டா, மேடம்?”

வக்கீலம்மா சொன்னது நினைவிருந்தது. ரயிலில் வரும்போது தாணுலிங்கமும் அதையேதான் சொன்னார். இப்போது தூக்குவது பெரும்பாலும் அவர்கள்தான், அதனால் இல்லை என்று சொல்வதும் முழுப் பொய் ஆகாது என்று கணக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தார்.

“தூக்கினேன்,” என்றேன். “என் அக்காவை. இரண்டு வருடமாக.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

“அது முதுகைக் கெடுத்திருக்கும் அல்லவா?”

“கெடுத்திருக்கும். ஆனால் முதுகு போனது அதற்குப் பதினாறு வருடம் முன்னால். வீட்டு வேலை என்று எழுதியபோது எனக்கு வீடே இல்லை.”

வேறு கேள்வி இல்லை என்றார்கள்.

வெளியே பெஞ்சில் தாணுலிங்கம் பூரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.

“சொல்லாம இருந்திருக்கலாம்லா மேடம்.”

“கேட்டார்கள்.”

பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். “சரிதான்” என்றார்.

செப்டம்பர் 12, புதன்

தீர்ப்பு வந்தது. ‘முதுகெலும்புப் பாதிப்பு ராணுவப் பணியால் மோசமடைந்தது.’ ஏற்பட்டது என்று எழுதவில்லை, மோசமடைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஊன ஓய்வூதியம் உண்டு, ஆயுள் வரைக்கும். வீட்டு வேலை என்ற சொல் எங்கும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்போ மொதல்ல கெடுத்தது ஆரு?”

“அது எழுதல்ல.”

ஜெபினுக்கும் இதே சந்தேகம்தான். வக்கீலம்மாவிடம் கொடுத்தால் ‘ஏற்பட்டது’ என்றே வாங்கிவிடலாம் என்கிறான். வாங்கிவிடுவார் என்றுதான் நானும் நினைக்கிறேன். மனு எழுத அவரைப் போல் ஆள் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் முனிரத்தினத்தை அவர் கண்டுபிடித்திருக்க மாட்டார். அக்காவைத் தூக்க அவர் வந்திருக்கவும் மாட்டார். இதை ஜெபினிடம் சொன்னபோது, “அத்த, அது வக்கீலுக்க வேல இல்லியே” என்றான். அதுவும் சரிதான்.

தாணுலிங்கம் தீர்ப்பை இரண்டு முறை படித்தார். முதல் பக்கத்தில் என் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று சரிபார்த்தாராம்.

நவம்பர் 18, ஞாயிறு

நாளை நாகர்கோவிலில் ஆபரேஷன். மூன்று வாரம் படுக்கை. அக்காவுக்கு ஸ்டீபனின் மனைவி. தூக்குவதற்கு முறை போட்டு ஒரு பட்டியலைத் தாணுலிங்கம் சுவரில் ஒட்டியிருக்கிறார். அக்கா அதில் இரண்டு பேரை மாற்றச் சொன்னாள். மாற்றினார்.

நவம்பர் 21, புதன்

மேஜர் கனகபாய் அவர்கள் மல்லாந்து படுத்திருக்க வேண்டியிருப்பதால், அவர்கள் சொல்லச் சொல்ல, கீழே கையெழுத்திடும் சுபேதார் (ஓய்வு) தாணுலிங்கம் எழுதுவது.

திங்கள்கிழமை ஆபரேஷன் முடிந்தது. நன்றாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். நேற்று சூப். இன்று காலை ஒரு இட்லி. ஏன் ஒன்றுதான் என்றும் எழுதச் சொல்கிறார்கள்: இட்லி கல் மாதிரி இருந்தது. இங்கே உள்ள நர்சுகளுக்கு நோயாளியைப் புரட்டத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. அக்கா அவர்கள் போனில் பேசினார்கள், நன்றாகச் சாப்பிடுவதாகச் சொன்னார்கள். ஸ்டீபன் வீட்டிலும் அப்படியே சொல்கிறார்கள்.

வலி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே என்று கேட்டேன். இல்லை என்று எழுதச் சொன்னார்கள். எழுதப் போனேன். அவர்களுடைய கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “இருக்கிறது என்று எழுதுங்கள்” என்றார்கள்.

எழுதினேன்.